ஓராண்டு முடியும் முன்பே வெளியேறியவர்கள்: ஓபியாய்டு சிகிச்சையில் ஹிஸ்பானிக் நோயாளிகள்

பாஸ்டன் நகரின் சவுத் எண்ட் பகுதியில் இருக்கும் பாஸ்டன் மெடிக்கல் சென்டர், காப்பீடு இல்லாதவர்களும் வருமானம் குறைந்தவர்களும் நம்பிப் போகும் மருத்துவமனை. 2003-இல் அங்கே ஒரு புதிய ஏற்பாடு தொடங்கியது. ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகளின் போதைக்கு ஆளானவர்களைத் தனி மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பாமல், சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆட்கள் வந்துபோகும் பொது மருத்துவப் பிரிவிலேயே புப்ரெனார்ஃபின் என்ற மருந்தைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மருந்துச் சீட்டு எழுதுவது மருத்துவர். நோயாளியைச் சேர்ப்பது, முதல் டோஸைக் கண்காணிப்பது, வாராவாரம் பார்ப்பது, ஆளைக் காணவில்லை என்றால் தொலைபேசியில் அழைப்பது எல்லாம் செவிலியரின் பொறுப்பு. மாசசூசெட்ஸ் மாதிரி என்று பெயர் பெற்ற இந்த முறை, பிறகு மாநிலம் முழுவதும் சமூக மருத்துவ நிலையங்களுக்குப் பரவியது.

அந்தப் பிரிவின் பன்னிரண்டு ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2017-இல் வெளிவந்தது. மொத்தம் 1,237 நோயாளிகள். அவர்களில் 53.7 சதவீதத்தினர் ஒரு முறையாவது ஓராண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து சிகிச்சையில் இருந்திருக்கிறார்கள். இந்த நோயை அறிந்தவர்கள் இதை நல்ல எண் என்றே சொல்வார்கள். அட்டவணையில் இன்னும் கீழே இறங்கினால்தான் மனம் சங்கடப்படுகிறது. வெள்ளையின நோயாளிகளோடு ஒப்பிடும்போது, ஹிஸ்பானிக் நோயாளிகள், அதாவது ஸ்பானிஷ் மொழிப் பின்னணி கொண்டவர்கள், ஓராண்டு தங்குவதற்கான வாய்ப்பு விகிதம் 0.66; இருதரப்பும் சமம் என்றால் அது 1 ஆக இருக்கும். கறுப்பின நோயாளிகளுக்கு 0.53. வயது, பாலினம், வேலை, மனநலப் பிரச்சினை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் எஞ்சி நிற்கும் இடைவெளி இது.

இந்த 0.66-தான் என்னை இந்த ஆய்வை எழுதவைத்தது. மோசமாக நடத்தப்பட்ட ஒரு கிளினிக்கில் இந்த எண் வந்திருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. இதுவோ நாடே பின்பற்றிய முன்மாதிரி. அக்கறையுள்ள செவிலியர்கள் இருந்தார்கள், மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். அங்கேயே இப்படி என்றால், குறையை நோயாளியின் மன உறுதியில் தேடுவது நியாயமில்லை. சிகிச்சை எந்த வகை மனிதரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். ஆங்கிலம் பேசுபவர், காப்பீடு உள்ளவர், வார நாளில் காலை பத்து மணிக்கு வர முடிந்தவர், தன் உடலைப் பற்றிய முடிவைத் தனியாக எடுப்பவர். அந்த வார்ப்பில் பொருந்தாதவர்தான் முதலில் வெளியே போகிறார் என்பது என் கணிப்பு.

வெளியே போவது சின்ன விஷயமும் அல்ல. மாசசூசெட்ஸில் 2014-க்கும் 2016-க்கும் இடையே ஹிஸ்பானிக் மக்களிடையே ஓபியாய்டு மிகைப்பயன்பாட்டு மரண விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பானது.

மருந்து என்ன செய்கிறது, நிறுத்தினால் என்ன ஆகிறது

ஹெராயினும் ஃபென்டனிலும் மூளையின் எந்த ஏற்பிகளில் போய் அமர்கின்றனவோ, அதே ஏற்பிகளில்தான் சிகிச்சை மருந்துகளான மெத்தடோனும் புப்ரெனார்ஃபினும் அமர்கின்றன. வேகம்தான் வேறு. மெதுவாக ஏறி நீண்ட நேரம் நிலைத்து நிற்பதால், வாந்தி, வியர்வை, எலும்பு வலி, தூக்கமின்மை என்று உடலைப் பிழியும் விலகல் அறிகுறிகள் அடங்குகின்றன. மனிதர் வேலைக்குப் போகலாம், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வரலாம். புப்ரெனார்ஃபினுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஓர் அளவுக்கு மேல் அதன் விளைவு ஏறுவதில்லை; மூச்சை அடக்கிக் கொல்லும் அபாயம் குறைவு.

மருந்தை நிறுத்தியவரின் உடல் பழைய தாங்குதிறனை வேகமாக இழந்துவிடுகிறது. முன்பு பழகிய அதே அளவை மறுபடியும் எடுத்தால் மூச்சு நின்றுபோகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த மதிப்பீடு இது: மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும் ஆயிரம் பேரில் ஆண்டுக்கு 11.3 மரணங்கள், சிகிச்சைக்கு வெளியே 36.1. வெளியேறிய முதல் நான்கு வாரங்கள்தான் மிகவும் கொடியவை. ஸ்வீடனில் 2003-இல் நாற்பது பேரை வைத்து நடந்த சோதனையில், தொடர்ந்து புப்ரெனார்ஃபின் பெற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓராண்டு முடிவில் சிகிச்சையில் இருந்தார்கள். மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற இருபது பேரில் ஒருவர்கூடத் தங்கவில்லை, நால்வர் இறந்துபோனார்கள். இருதரப்புக்கும் ஆலோசனை ஒரே மாதிரிதான் கொடுக்கப்பட்டது. அதனால்தான் இந்த நோயில் தங்கவைப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி.

முதல் ஆறு வாரங்கள்

இனி வருபவர் ஒரு தனி மனிதர் அல்ல. நோயாளிகள் வெளியேறும் இடங்களை ஒரே பாதையில் காட்டுவதற்காகப் பல அனுபவங்களைச் சேர்த்து நான் உருவாக்கிய உருவம்.

பாஸ்டனுக்கு வடக்கே மெரிமாக் ஆற்றங்கரையில் லாரன்ஸ் என்ற பழைய துணியாலை நகரம் இருக்கிறது. மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் ஹிஸ்பானிக். பெரும்பாலோர் டொமினிகன் குடியரசிலிருந்து வந்தவர்கள். நம் நோயாளியும் அப்படித்தான். வயது முப்பதுகளின் நடுவில், கூரை போடும் வேலை, விசா காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஏணியிலிருந்து விழுந்து முதுகு போனபோது யாரோ கொடுத்த ஆக்ஸிகோடோனில் தொடங்கியது, ஃபென்டனிலில் வந்து நிற்கிறது. அக்காவின் வீட்டில், தாயோடும் அக்கா பிள்ளைகளோடும் வசிக்கிறார்.

முதல் வருகை. மேசையின் நடுவில் ஒலிபெருக்கி போட்ட தொலைபேசி. அதில் முகம் தெரியாத ஒரு மொழிபெயர்ப்பாளர். முதன்முதலில் எப்போது எடுத்தீர்கள், சிறைக்குப் போயிருக்கிறீர்களா, சிறுவயதில் யாராவது உங்களிடம் தவறாக நடந்துகொண்டார்களா என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு முறை சொல்லப்படுகிறது, ஒவ்வொரு பதிலும் இரண்டு முறை. அவர் பாதியை மறைக்கிறார். யாராக இருந்தாலும் மறைப்பார்கள்.

அடுத்து மருந்து தொடங்கும் நாள். புப்ரெனார்ஃபினை எடுப்பதற்கு முன் விலகல் அறிகுறிகள் நன்றாக வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஏற்பிகளிலிருந்து ஃபென்டனிலைத் திடீரெனத் தள்ளிவிட்டு, ஒரு நாளில் வர வேண்டிய வேதனையை அரை மணி நேரத்தில் கொண்டுவந்துவிடும். ஃபென்டனில் உடலின் கொழுப்பில் தங்கி மெல்ல மெல்லக் கசிவதால், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கும் சிக்கலாகிவிட்டது. மருந்து ஒரு மெல்லிய படலம். நாக்கின் அடியில் வைத்து, விழுங்காமல், பேசாமல், அது கரையும்வரை பத்து நிமிடமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். விழுங்கிவிட்டால் பெரும்பகுதி வீண். கசப்பு வேறு. இந்த வழிமுறைகள் அடங்கிய தாள் ஆங்கிலத்தில் இருந்தால், வீட்டில் அதைப் படித்துச் சொல்வது அக்காவின் பதின்மூன்று வயது மகள். மருத்துவமனைகள் அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை மொழிபெயர்ப்புக்கு நம்பக் கூடாது என்று 2016-இல் கூட்டாட்சி விதி வந்தது. அந்த விதி சமையலறை மேசைவரை எட்டாது.

படலம் தவறாகக் கரைகிறது, ராத்திரியெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். வெளியேறும் முதல் வாசல் இங்கேதான் திறக்கிறது.

இதைத் தாண்டினால் காசு. ஆவணமில்லாதவருக்கு முழு மருத்துவக் காப்பீடு கிடையாது. மாசசூசெட்ஸில் ஹெல்த் சேஃப்டி நெட் என்ற நிதி, மருத்துவமனைகளிலும் சமூக மருத்துவ நிலையங்களிலும் ஆகும் செலவை ஏற்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதுகூட இல்லை. ஆனால் அந்த நிதியில் மருந்து வாங்க, மருத்துவமனையோ சமூக மருத்துவ நிலையமோ நடத்தும் மருந்துக் கடைக்குத்தான் போக வேண்டும். தெருமுனைக் கடை செல்லாது. விடியற்காலை வேன் ஏறி, இருட்டிய பிறகு இறங்கும் கூரைத் தொழிலாளிக்கு அந்தக் கடை திறந்திருக்கும் நேரம் வேலை நேரமே.

மூன்றாவது வாரம் குழு ஆலோசனைக் கூட்டம் வருகிறது, புதன்கிழமை காலை. ஒருநாள் வராவிட்டால் ஒப்பந்தக்காரர் பொறுத்துக்கொள்வார், ஒவ்வொரு புதனும் என்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார். வேலையா, கூட்டமா என்று நிற்பவர் வேலையைத் தேர்ந்தால், பதிவேட்டில் 'வருகை தரவில்லை' என்று விழுகிறது. நான்காவது வாரம் சிறுநீர்ப் பரிசோதனையில் ஃபென்டனில் தெரிகிறது. கட்டுப்பாடு மிகுந்த கிளினிக்குகளில் இதன் விளைவு, இன்னும் அடிக்கடி வா என்பதுதான். வர முடியாமல் தடுமாறுபவரைக் கூடுதலாக வரச் சொல்லும் விதி இது. இந்தத் துறையின் விதிகளில் இதைப் போல என்னைக் கோபப்படுத்துவது வேறில்லை.

ஐந்தாவது வாரம் தாய் அந்தப் படல உறைகளைக் குப்பையில் பார்க்கிறார். இதுவும் போதைதானே, ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்திருக்கிறாய் என்கிறார். அவருக்குத் தெரிந்த மீட்பு வேறு வகை: மருந்தே இல்லாமல், பிரார்த்தனையும் உழைப்பும் ஒழுங்குமாக ஓர் இல்லத்தில் மாதக்கணக்கில் தங்குவது. அந்த நம்பிக்கைக்கு வரலாறு உண்டு. புவர்ட்டோ ரிக்கோவில் 1968-இல் தொடங்கிய ஓகார் கிரேயா, போதையிலிருந்து மீண்டவர்களே நடத்தும் இல்லங்களாகத் தீவு முழுவதும் பரவிக் கரீபியன் குடும்பங்களுக்கு நன்கு அறிமுகமானது. மருந்துச் சிகிச்சைக்கு அங்கே இடமில்லை. மகனை அப்படியொரு மத இல்லத்தில் சேர்க்கத் தாய் தன் சேமிப்பிலிருந்து கொடுக்கிறார். அவன் மருந்தை நிறுத்துகிறான். சில வாரங்களில் அங்கிருந்தும் வெளியேறுகிறான். அப்போது அவன் உடல் எவ்வளவு தாங்கும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

தாய் செய்தது கொடுமை அல்ல. அவர் தன்னிடமிருந்த சிறந்ததைக் கொடுத்தார். அந்த மருந்து என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதே குறை. போதைச் சிகிச்சைப் பதிவுகளின் ரகசியத்தைக் காக்கும் கூட்டாட்சி விதிகள் கடுமையானவை, அப்படி இருக்கவும் வேண்டும். நோயாளி கையெழுத்திட்டால் குடும்பத்தாரிடம் பேசலாம். அந்தக் கையெழுத்தை முதல் நாளே கேட்டு, தாயை வரச்சொல்லி, அவருடைய மொழியில் கால் மணி நேரம் பேசியிருந்தால் இந்த ஐந்தாவது வாரம் வேறு விதமாகப் போயிருக்கக்கூடும்.

அவநம்பிக்கை ஆகாயத்திலிருந்து விழவில்லை

மெத்தடோனைத் தொடர் சிகிச்சையாகக் கொடுக்கலாம் என்று காட்டியவர்கள் நியூயார்க்கின் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் இணையர். அவர்களுடைய கட்டுரை 1965-இல் வந்தது. 1971-இல் நிக்சன் அரசு மெத்தடோன் கிளினிக்குகளை நாடெங்கும் விரிவாக்கியது. குற்றங்களைக் குறைப்பது அதன் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று. 1972-இல் வந்த விதிமுறைகள் மருந்தைச் சிறப்பு உரிமம் பெற்ற கிளினிக்குகளுக்குள் பூட்டிவைத்தன. தினமும் வரிசையில் நிற்க வேண்டும், செவிலியர் கண்முன் குடித்துக் காட்ட வேண்டும், விழுங்கியதை உறுதிசெய்யப் பேசிக் காட்ட வேண்டும். இப்படி நடத்தப்பட்டவர்கள் இதைச் சிகிச்சை என்று நினைப்பார்களா?

தெற்கு பிராங்க்ஸின் லிங்கன் மருத்துவமனையில் 1970 நவம்பரில் புவர்ட்டோ ரிக்க இளைஞர்களின் யங் லார்ட்ஸ் அமைப்பினரும் கறுப்பினச் செயற்பாட்டாளர்களும் ஒரு பகுதியைக் கைப்பற்றித் தாங்களே போதை நீக்க மையம் தொடங்கினார்கள். ஹெராயின் தங்கள் தெருக்களைத் தின்றுகொண்டிருந்தபோது மருத்துவமனையில் படுக்கை கிடைக்கவில்லை என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. முதலில் மெத்தடோனைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்தார்கள். பின்னர் காதில் ஊசி குத்தும் அக்குபஞ்சர் முறைக்கு மாறினார்கள். இன்று உலகின் பல நாடுகளில் பயன்படும் ஐந்து புள்ளிக் காது முறை அங்கே உருவானதுதான். வாழ்நாள் முழுதும் மெத்தடோன் என்பது தம் மக்களை அடக்கிவைக்கும் வழி என்று அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். 1978-இல் நகர நிர்வாகம் காவலர்களோடு வந்து அந்த நிர்வாகத்தை வெளியேற்றியது.

மருந்தைப் பற்றி அவர்கள் நினைத்தது தவறு என்றே இன்றைய மரணக் கணக்குகள் காட்டுகின்றன. மருந்தைக் கொடுக்கும் முறையைப் பற்றிய அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அலுவலகத்தில் கொடுக்கும் புப்ரெனார்ஃபின் 2002-இல் அனுமதி பெற்றபோது, நியூயார்க்கில் அது முதலில் வசதியான வெள்ளையர் பகுதிகளில்தான் பரவியது. ஏழை லத்தீன், கறுப்பினப் பகுதிகளுக்கு மெத்தடோன் வரிசையே மிஞ்சியது.

இதைவிட அண்மைக் காயமும் உண்டு. புவர்ட்டோ ரிக்கோவின் சில நகராட்சிகளும் காவல்துறையும் போதையில் இருந்தவர்களுக்கு ஒருவழி விமான டிக்கெட் கொடுத்து, நீச்சல் குளமும் செவிலியரும் உள்ள நல்ல மையம் என்று சொல்லி சிகாகோவுக்கும் பிலடெல்பியாவுக்கும் அனுப்பியதை 2015-இல் சிகாகோ வானொலிச் செய்தியாளர் ஒருவர் வெளிக்கொண்டுவந்தார். போய் இறங்கினால் உரிமமே இல்லாத வீடுகள். பலருடைய அடையாள ஆவணங்கள் வாங்கிவைத்துக்கொள்ளப்பட்டன. பிலடெல்பியாவின் கென்சிங்டன் தெருக்களில் ஸ்பானிஷ் பேசும் நோயாளியிடம் 'எங்கள் மையத்துக்கு வாருங்கள்' என்று சொல்பவர், இந்தச் செய்தி அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

எஸ்பான்யோலா: மொழி பிரச்சினையே இல்லாத இடம்

மொழியைச் சரிசெய்தால் போதும் என்று நினைப்பவர்கள் வடக்கு நியூ மெக்சிகோவைப் பார்க்க வேண்டும். ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கில் எஸ்பான்யோலாவைச் சுற்றி ஸ்பானியர்கள் குடியேறியது 1598-இல். இங்கே இருக்கும் ஹிஸ்பானிக் குடும்பங்கள் அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்தவர்கள். ஆங்கிலம் தெரியும், குடியுரிமை உண்டு. அப்படியிருந்தும் ரியோ அரிபா மாவட்டம் பல ஆண்டுகள் நாட்டிலேயே மிக உயர்ந்த மிகைப்பயன்பாட்டு மரண விகிதம் கொண்ட பகுதிகளில் ஒன்றாக இருந்தது. 1848-இல் மெக்சிகோவோடு உடன்படிக்கை ஆன பிறகு பொதுநிலங்கள் கைவிட்டுப் போயின. மலைமேல் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகம் நாட்டின் பணக்கார மாவட்டங்களில் ஒன்றை உருவாக்க, பள்ளத்தாக்கு வறுமையிலேயே இருந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த கறுப்புத் தார் ஹெராயின் பாட்டி, மகள், பேரன் என்று மூன்று தலைமுறையையும் ஒரே வீட்டில் பிடித்தது.

அங்கே எல் சென்ட்ரோ ஃபேமிலி ஹெல்த் என்ற மருத்துவ நிலையத்தில் பணிபுரிந்த குடும்ப மருத்துவர் லெஸ்லி ஹேய்ஸ், புப்ரெனார்ஃபினைத் தன் அன்றாட மருத்துவத்தின் ஒரு பகுதியாக்கினார். கர்ப்பிணிகளையும் அவரே பார்த்தார். 2016-இல் வெள்ளை மாளிகை அவரைக் கௌரவித்தது. அவருக்குப் பின்புலமாக இருந்தது நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய ப்ராஜெக்ட் எக்கோ. தொலைதூர ஊர் மருத்துவர்கள் வாராவாரம் காணொலியில் நிபுணர்களோடு தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிக் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. நிபுணரைத் தேடி நோயாளி மணிக்கணக்கில் பயணம் செய்ய வேண்டியதில்லை. தன்னைப் பிள்ளைப் பருவம் முதல் தெரிந்த மருத்துவரிடமே இருக்கலாம். போதையின் வாசல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இடத்தில், குடும்பம் முழுவதையும் அறிந்த குடும்ப மருத்துவர் ஒருவர்தான் பாட்டியையும் பேரனையும் சேர்த்தே சிகிச்சைக்குள் கொண்டுவர முடியும். லாரன்ஸில் அந்தத் தாய்க்குக் கிடைக்காதது இதுவே.

ஸ்பானிஷ் பேசும் நோயாளிகள் 405 பேரை வைத்து ஐந்து மையங்களில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. இருதரப்புக்கும் ஸ்பானிஷிலேயே ஆலோசனை. ஒரு தரப்புக்கு வழக்கமானது, மறு தரப்புக்குச் சிறப்புப் பயிற்சி பெற்றவர்கள் நடத்திய ஊக்க உரையாடல். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த வகை ஆலோசனை என்று மோதிக்கொள்வதைவிட, கிளினிக்கின் கடிகாரத்தையும் வாசலையும் மாற்றுவதில் நேரம் செலவிடலாம்.

மாற்றக்கூடியவை

சட்டம் இப்போது முன்பைவிடப் பெரிதும் இடம் கொடுக்கிறது. 2020 மார்ச்சிலிருந்து புப்ரெனார்ஃபினைத் தொலைபேசி வழியாகவே தொடங்கலாம். மெத்தடோனை நிலையான நோயாளிகளுக்கு 28 நாட்களுக்குவரை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அப்போது கிடைத்த தளர்வு, 2024-இல் நிரந்தர விதியானது. புப்ரெனார்ஃபின் எழுதத் தனி அனுமதி வேண்டும் என்ற தடை 2022 டிசம்பரில் நீங்கியது. மாதம் ஒருமுறை போடும் ஊசி 2017-இலிருந்து கிடைக்கிறது. கூரைத் தொழிலாளிக்கு இந்த ஊசி வரப்பிரசாதம்: குப்பையில் உறை இல்லை, பையில் மருந்து இல்லை, மருந்துக் கடை மூடிவிட்டதே என்ற கவலை இல்லை. விலைதான் பெரிய தடை. காப்பீடில்லாதவருக்கு அதை யார் தருவது என்ற கேள்விக்குப் பெரும்பாலான மாநிலங்களில் பதில் இல்லை.

மாலை நேர கிளினிக் வேண்டும், சனிக்கிழமையும் திறந்திருக்க வேண்டும். அதே ஊரில் வளர்ந்து, அதே தேவாலயத்துக்குப் போகும், போதையிலிருந்து மீண்ட ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். லத்தீன் சமூகங்களில் புரொமோட்டோரா என்று அழைக்கப்படும் சுகாதாரத் தொண்டர்கள் சர்க்கரை நோய்க்காக இந்த வேலையை ஏற்கெனவே செய்துவருகிறார்கள். வீட்டுக்குள் போய்த் தாயின் மேசையில் உட்கார்ந்து பேசக்கூடியவர் அவர்தான். சிறுநீரில் ஃபென்டனில் தெரிந்தால் டோஸ் போதுமானதா என்று முதலில் பார்க்க வேண்டும். தண்டனை போல் கூடுதல் கூட்டங்கள் வேண்டாம்.

பயத்துக்கு மட்டும் கிளினிக்கால் தனியாக மருந்து கொடுக்க முடியாது. 2025 ஜனவரியில், மருத்துவமனை போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பதைக் கட்டுப்படுத்தியிருந்த கொள்கை விலக்கப்பட்டது. மார்ச்சில், ஆங்கிலம் தெரியாதவர்களுக்கான சேவைகள் பற்றி 2000-இல் பிறப்பிக்கப்பட்ட அதிபர் ஆணையும் திரும்பப் பெறப்பட்டது. பாகுபாட்டைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இன்னும் இருக்கிறது; நோயாளிக்கு அதெல்லாம் தெரியாது, வாசலில் நிற்கும் காவலரைத்தான் தெரியும். குடியுரிமை பற்றிய கேள்வியைப் படிவத்தில் கேட்காமல் இருப்பதும், தொலைபேசி வருகைகளைத் தொடர்வதும் இப்போது நேரடியாகத் தங்குவிகிதத்தைப் பாதிக்கும் முடிவுகள்.

பாஸ்டன் ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது. 1,237 நோயாளிகள், ஆனால் 1,605 சிகிச்சைக் காலங்கள். தனித்தனிக் காலங்களை எண்ணினால் 45.2 சதவீதம் மட்டுமே ஓராண்டை எட்டின. ஆட்களை எண்ணினால் 53.7. போனவர்களில் பலர் திரும்பி வந்திருக்கிறார்கள், திரும்பி வந்த முறை சிலர் தங்கியும் இருக்கிறார்கள். அதனால் இரண்டாம் சேர்க்கையின்போது முதல் நாளின் அத்தனை கேள்விகளையும் மறுபடி கேட்காமல், பழைய பதிவை வைத்துக்கொண்டு அன்றே மருந்து கொடுக்க வேண்டும். வராமல் போன மூன்றாவது நாளுக்குள் ஸ்பானிஷில் ஓர் அழைப்பு, நோயாளி சம்மதித்திருந்தால் தாயின் எண்ணுக்கும் ஓர் அழைப்பு. மிகைப்பயன்பாட்டில் அடங்கும் மூச்சை மீட்கும் நலாக்ஸோன் மூக்குத் தெளிப்பானை நோயாளியிடம் மட்டும் கொடுத்துவிடாமல், அதே வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கும் கொடுத்து, பயன்படுத்தும் முறையைக் கையில் பிடித்துக் காட்டி அனுப்ப வேண்டும்.